குடை போட்ட கிழிசல்

சரிசெய்து கெடுத்தவள் என்ற பெயர் அவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தது. அதுவரை அவள் கைபட்டது எதுவும் கெட்டதில்லை.

காது மெஷின் ரிப்பேர் அவள் தொழில். கண்ணாடிக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த ஓர் அறைதான் கடை. ஒரு மேஜை விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, எறும்புக்குப் பல் தேய்த்துவிடலாம் போல ஒரு பிரஷ். வருகிற மெஷினின் வாயில் ரப்பர் குழாயை மாட்டித் தன் காதில் வைத்துக் கேட்பாள். கரகரவென்றால் அழுக்கு. கீச்சென்றால் காதுக்குப் பொருந்தாத அச்சு. விட்டுவிட்டுக் கேட்டால் ஒயர். நாள் முழுக்கச் செய்வது ஒரே வேலைதான்: சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இரைச்சலைப் பிரித்தெடுத்துக் குப்பையில் போடுவது. ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர் அடிக்கடி வருவார். "அம்மா, உள்ள யாரோ பேப்பரைக் கசக்குறாங்க" என்பார். துடைத்துக் கொடுப்பாள். "இப்ப நிறுத்திட்டாங்க" என்று போய்விடுவார்.

கணவனுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. அது சம்பளத்துக்கு. மற்றபடி அவன் கிட்டார் வாசிக்கிறவன். அவனுடைய தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன், டிரம்ஸ் அவனுடையது. அவளுடைய அண்ணன் பஸ் டிரைவர்; பாடுவதும் பேஸ் கிட்டார் வாசிப்பதும் அவன். தம்பி வேலை செய்யும் இடத்தில் டைல்ஸ் அடுக்கி வைக்கும் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் கூடி வாசிப்பார்கள். எதையாவது உடைத்தால் அவர்களே பணம் கட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

ராக் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் கணவனுக்குப் பிடிக்காது. எந்த வகை, எங்கே முளைத்தது, எப்படி வளர்ந்தது என்று ஆரம்பித்துவிடுவான். சாப்பாட்டு மேஜையில் அவனுக்கு வாய்த்த கூட்டம் மச்சானும் தம்பியும்தான்.

"எல்லாமே ஏதோ ஒண்ணு கெட்டுப்போனதுல பொறந்ததுதான் மச்சான். சின்ன ஆம்ப்ளிஃபயர் பெட்டி, பெரிய இரைச்சலான பார். அங்க வாசிச்சவங்க பெட்டிக்கு மூச்சு முட்டுற அளவுக்கு வால்யூமைத் திருப்புனாங்க. பெட்டி அலறுச்சு. யாரும் குறைக்கலை. இன்னொரு கோஷ்டி பெட்டியைக் காரிலேர்ந்து கீழ போட்டுட்டாங்க. ஓட்டையில பேப்பரைத் திணிச்சு அப்படியே ரெக்கார்டு பண்ணிட்டாங்க."

"சொல்லு, சொல்லு. விரல் வெட்டுப்பட்டவன் கதை இன்னும் வரலையே."

"வருது. தகரம் வெட்டுற ஃபேக்டரியில ஒருத்தனுக்கு விரல் நுனி போச்சு. கம்பியை அழுத்த முடியலை. தளர்த்திக் கட்டுனான். ஓசை அப்படியே கனமா கீழ இறங்கிடுச்சு. ஹெவி மெட்டலுக்கு அந்தக் கனம் அங்கேர்ந்து வந்ததுதான். பங்க் ராக் வாசிச்சவங்களுக்கு முழுசா வாசிக்கவும் தெரியாது, கத்துக்கப் பொறுமையும் கிடையாது."

"அப்ப நாம பங்க் மாப்ளே."

"நாம சோம்பேறிங்க. அது வேற."

கல்யாணமான நாளிலிருந்து இதையெல்லாம் அவள் ஃபேன் ஓடுகிற சத்தத்தைக் கேட்பதுபோல்தான் கேட்டு வந்திருக்கிறாள். ஓடினால் காதில் விழாது, நின்றால்தான் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின வாரம் வெளியூரில் ஒரு புது ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் பொருத்தப் புறப்பட்டவன், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "அடுத்த சனிக்கிழமை கச்சேரி இருக்கு. என் பெட்டியில சுவிட்ச் ஆடுது. கொஞ்சம் பாத்து வையேன்."

சுவிட்ச் சின்ன வேலைதான். அதை முடித்துவிட்டுப் பின்பக்கப் பலகையைத் திரும்ப மூடப்போனவள், உள்ளே விளக்கடித்துப் பார்த்தாள். ஸ்பீக்கரின் காகிதக் கோன் கிழிந்து தொங்கியது. நடுவிலிருந்து ஓரம்வரை கோணல்மாணலாக ஒரு கிழிசல். விளிம்புகள் கறுத்துச் சுருண்டிருந்தன. இத்தனை வருஷமாக இந்த மனிதன் இதை வைத்துக்கொண்டா வாசித்தான் என்று அவளுக்கு ஆகிவிட்டது. தன் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒன்று இருந்திருக்கிறதே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அப்படியே மூடிவைக்க அவளால் முடியவில்லை. பழைய கோனை வழித்தெடுத்தாள். பசையைச் சுரண்டித் துடைத்தாள். புதியதை வாங்கி வந்து, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எங்கும் உரசாதபடி நடுவில் நிறுத்தி ஒட்டிக் காயவைத்தாள். பழைய கோன் குப்பை வண்டியில் போனது. அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தவன் குளித்துவிட்டுக் கிட்டாரை மாட்டினான். ஒரு தட்டுத் தட்டினான். கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர்போல ஒரு சத்தம் வந்தது. ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினான். அதே டம்ளர்.

"பெட்டியை என்ன பண்ணுன?"

"கோன் கிழிஞ்சிருந்துச்சு. மாத்திட்டேன்." பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள்.

அவன் கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "பழசு எங்க?" என்றான்.

"வண்டியில போயிடுச்சு."

அடுத்த அறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "நான் கிழிச்சதையா மாத்துனா?"

அந்தக் கதையும் அவள் ஃபேன் கணக்கில் கேட்டதுதான். பத்தொன்பது வயதில் காலேஜுக்கு முழுக்குப் போட்டுவிட்டு அவன் வந்து நின்றபோது, அம்மாக்காரி கையில் இருந்த குடையால் பெட்டியைக் குத்தினாள். குத்தியது மட்டும்தான் மருமகளுக்கு நினைவில் இருந்தது. கிழிசல் முன்பக்கத் துணிக்குப் பின்னால் அப்படியே இருந்ததும், அதிலிருந்து வந்த உறுமலைத்தான் தன் புருஷன் இவ்வளவு காலமும் தன் குரலாக வைத்திருந்தான் என்பதும் அவள் மண்டையில் ஏறவே இல்லை.

"சனிக்கிழமை வாசிச்சுட்டு விட்டுடறேன்" என்றான் அவன். "வயசாயிடுச்சு, போதும்."

இதற்குத்தான் அவள் பயந்தாள். ஒரு தடவை மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த காலத்தில் அவனைப் பார்த்திருக்கிறாள். கிட்டார் இல்லாமல் வீட்டில் இருந்தவன், அலமாரிக் கதவுகள் லிஃப்ட் கதவுபோல மூடுகின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் "ம்" என்றான். அந்த "ம்" ஒரு தடவை வந்தால் தாங்கலாம். மிச்ச ஆயுளுக்கும் என்றால் தாங்காது. சனிக்கிழமைக்குள் அந்த உறுமல் திரும்ப வந்தாக வேண்டும்.

புதன்கிழமை அண்ணன் ஒரு பெடலைக் கொண்டுவந்தான். காலால் மிதித்தால் சுத்தமான சத்தத்தையும் கரகரப்பாக்கும் டப்பா. கணவன் மிதித்து வாசித்துப் பார்த்தான்.

"எப்படி மாப்ளே?"

"பிளாஸ்டிக் பூவுக்கு சென்ட் அடிச்ச மாதிரி இருக்கு."

"ரொம்பத்தான். ஏய், பாத்தியா? கிழிஞ்சதுக்கு இவ்வளவு மரியாதைன்னா, என் பேன்ட்டை எல்லாம் தூக்கிப் போட்டிருக்கவே மாட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. மலிவான கோன்கள் சிலவற்றை வாங்கினாள். அவர்களுடைய பழைய பாட்டுகளைப் போனில் ஓட்டி, காதுக்குழாய் வைத்துக் கேட்டு, இரைச்சல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடித்தாள். கம்பியைத் தட்டிய நொடியில்தான் கிழிசல் அடித்துக்கொண்டு உறுமியது, பிறகு தெளிந்துவிட்டது. பிளேடால் நேராகக் கீறினாள். மூக்கு சிந்துவதுபோல் வந்தது. வளைத்துக் கீறினாள். வாத்து வந்தது.

"அண்ணி, கடைசியா வந்தது பரவாயில்ல" என்றான் கொழுந்தன், வாத்து வகையில் அவனுக்கு ஏதோ விருப்பம் இருந்ததுபோல.

கணவன் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டான். "ம்" என்றான்.

வெள்ளிக்கிழமை மாமியாரையே கேட்டுவிடுவது என்று முடிவானது. பெட்டியின் முன்துணியைக் கழற்றி, கூடத்தின் நடுவில் நாற்காலிமேல் வைத்தார்கள். பழைய குடை இல்லை. அதே மாதிரி இரும்புக் கூர் வைத்த ஒன்றை அண்ணன் பஸ்ஸில் யாரோ விட்டுப்போன சாமான்களிலிருந்து எடுத்து வந்திருந்தான்.

"எங்க குத்தணும்?"

"அன்னிக்கு எங்க குத்துனீங்களோ அங்கதான் அத்தை."

"அன்னிக்கு நான் பாத்தா குத்துனேன்?" கிழவி குடையை நீட்டிக் காகிதத்தை மெல்லத் தொட்டாள். "கரன்ட் அடிக்குமா இது?"

"அடிக்காதும்மா. குத்து" என்றான் கொழுந்தன். "அண்ணன் காலேஜை விட்டுட்டான்னு நெனச்சுக்கோ."

"விட்டா விட்டுட்டுப் போறான். லிஃப்ட் போடுறான், நாலு பேரு மேல போறாங்க. என் மாத்திரையெல்லாம் தேதி தவறாம வாங்கித் தர்றான். அவனைப் போய் என்னன்னு குத்துறது?"

கொழுந்தன் அவளைக் கிளறிவிடப் பார்த்தான். "உனக்குப் பிடிச்ச சீரியலை இவன்தான் அணைக்கிறான்."

"அது நல்லாவே இல்லடா" என்றாள் கிழவி. கோனில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்ததோடு சரி. அதைத் தடவிக் கொடுத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் வேன் கொண்டுவந்தான். அவள் கடைசியாக ஒரு புதுக் கோனை ஒட்டி முடித்திருந்தாள். பெட்டி நாற்காலிமேல், முன்துணி இல்லாமல் நின்றது. குடை சுவரில் சாய்ந்திருந்தது. மாமியாரைத் தவிர எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

கணவன் கிட்டாரைச் சொருகி ஒரு தட்டுத் தட்டினான். டம்ளர். அவளைப் பார்த்துச் சிரித்தான். குழந்தையிடம் சிரிப்பதுபோல.

"பரவாயில்ல விடு. நீ நல்லது நெனச்சுத்தான் செஞ்ச. உனக்குச் சத்தம்தான தெரியும், பாட்டு தெரியாதுல்ல. நீ என்ன பண்ணுவ."

அதை அவன் திட்டாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னான். அதுதான் வினையாகிப் போனது. அந்தப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து அவள் ஏறி இறங்கிய மாடிகள், அலுத்துப்போகும்வரை கேட்ட பாட்டுகள், கூட்டமே வராத கச்சேரிகளில் கூட்டமாக அவள் ஒருத்தி உட்கார்ந்திருந்த நாற்காலிகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தன. குடையை எடுத்தாள். ஒரு குத்து. கோன் கிழிந்தது. இழுத்து, இன்னொரு குத்து. அது முதல் கிழிசலில் பாதி விழுந்து பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு போனது.

"வாசிடா இப்ப" என்றாள்.

அவனை அவள் நீங்க என்றுதான் கூப்பிடுவாள். நீ என்றுகூட ஒரு நாளும் வந்ததில்லை. அவன் வாசித்தான்.

பழைய உறுமல் வரவில்லை. தட்டியதும் சத்தம் சுத்தமாகக் கிளம்பியது. பிறகு, அடங்க வேண்டிய இடத்தில் அடங்காமல் கரகரவென்று திரும்பி வந்தது, பேசி முடித்துவிட்டு அறையை விட்டுப் போனவர்கள் வாசலில் நின்று இன்னும் ஒன்று சொல்வதுபோல. அவன் மறுபடி தட்டினான். தலையைச் சாய்த்து, சத்தத்தின் வால் முடியும்வரை கேட்டான்.

"மாப்ளே" என்றான் அண்ணன், "இந்தக் குரலை எங்க வீட்ல சின்ன வயசுலேர்ந்து கேட்டுட்டு இருக்கேன். உனக்கு இன்னிக்குத்தான் கேக்குது."

அறையிலிருந்து மாமியார் சொன்னாள்: "இது என்னுது இல்ல. என்னுது இவ்வளவு நீளமா இருக்காது."

கச்சேரி ஒரு பழைய சினிமா தியேட்டரில் நடந்தது. நாற்காலிகளைப் பிடுங்கியதில் தரை முழுக்க ஆணித் துளைகள். நரைத்தவர்கள் பாதி, மீசை அரும்பாதவர்கள் பாதி. நடு வயதுக்காரர்கள் குறைவு. அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கும். முதல் கோஷ்டி வேகமாக வாசித்தது. இரண்டாவது அதைவிட வேகமாக. மூன்றாவதாக இவர்கள் ஏறினார்கள்.

வழக்கமான வேகத்தில்தான் தொடங்கினார்கள். கரகரப்பு வால் முடிவதற்குள் அடுத்த தட்டு அதன்மேல் ஏறி, எல்லாம் குழம்பியது. கணவன் பின்னால் திரும்பித் தம்பியைப் பார்த்தான். டைல்ஸ்காரன் புரிந்துகொண்டு கையைத் தளர்த்தினான். இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். கிட்டத்தட்ட பாதி வேகத்துக்குப் பாட்டு இறங்கியபோது ஒவ்வொரு சத்தத்தின் வாலும் முழுசாகக் கேட்டது. அவர்கள் அதுவரை அப்படி வாசித்ததில்லை. அண்ணன் வார்த்தைகளை இழுத்துப் பாட வேண்டியிருந்தது, மூச்சு போதாமல் இரண்டு வரிகளை விழுங்கினான். கூட்டத்தில் தலைகள் மெதுவாக ஆடத் தொடங்கின. இதற்கு என்ன பெயர் என்று பிறகு யாராவது வைப்பார்கள், அல்லது வைக்க மாட்டார்கள்.

அவள் ஓரத்தில் நின்றிருந்தாள். மேடைக்குக் கீழே, பெரிய ஸ்பீக்கர் அடுக்குக்குப் பக்கத்தில் தெரிந்த ஆளை அவளுக்குத் தெரியும். தையல்காரர். காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார். வலது உள்ளங்கையை ஸ்பீக்கர் பலகைமேல் வைத்து, துணியின் நெசவைத் தடவிப் பார்க்கிறவர்போலக் கண்ணை மூடி நின்றார். உள்ளே யாரோ கசக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் கையை எடுக்கவில்லை.

இறங்கி வந்த கணவனின் முதுகு நனைந்திருந்தது. கிட்டாரைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னான்: "அடியில ஒரு ஸ்க்ரூ லூஸா இருக்கு. ஙொய்னு கேக்குது."

அவளுக்கும் கேட்டிருந்தது. எந்த ஸ்க்ரூ என்றும் தெரியும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பையில்தான் இருந்தது.

"முடுக்கவா?" என்றாள்.

அவன் யோசித்தான். ஜிப்பைப் பாதிவரை இழுத்துவிட்டு நிறுத்தி, மேடைமேல் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"அடுத்த வாரம் வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றான். "அதுவரைக்கும் தயவுசெஞ்சு தொடாத."

"சரிங்க" என்றாள். பெட்டியின் ஒரு முனையை அவள் பிடித்தாள். மறுமுனையை அவன் பிடித்தான்.