குடித்த பிறகு வரும் சத்தம்

குளிர்பான விளம்பரங்களில் ஒருவன் பாட்டிலைக் கவிழ்த்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, கண்ணை மூடி ‘ஆஹ்!’ என்பானே, அந்த வாய் நடிகனுடையது; சத்தம் தொண்டைக்காரருடையது. ஒலிப்பதிவுக் கூடங்களில் அவருக்கு அதுதான் பெயர். அவர் ஒரு ‘ஆஹ்’ விட்டால் கேட்கிறவனுக்கு நாக்கு ஊறும்.

தொழிலுக்கு விசுவாசமாக அவர் நாள் முழுக்க அதையே குடித்தார். கம்பெனி பெட்டி பெட்டியாக அனுப்பியது. பல் விளக்கியதும் ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று, படுக்கப்போகும்போது ஒன்று. தண்ணீர் குடிப்பவர்களைக் கண்டாலே இளக்காரம். மனைவி டம்ளரை நீட்டினால், “இது செடிக்கு ஊத்துறது” என்று ஜன்னல் தொட்டியில் கவிழ்த்துவிடுவார்.

ஒருநாள் ரொட்டியைக் கடித்தபோது கடைவாய்ப்பல் பொடிந்து நாக்கில் விழுந்தது. கல்லைக் கடித்தாலும் நியாயம் உண்டு; அது பாலில் நனைத்த ரொட்டி.

பல் டாக்டரம்மா விளக்கை வாய்க்குள் அடித்துவிட்டுச் சலித்துக்கொண்டார். “சர்க்கரையும் புளிப்புமா ஊத்தி ஊத்திப் பல்லோட மேல்பூச்சையே அரிச்சு வச்சிருக்கீங்க. ரத்தமும் கொடுத்துப் பார்த்துடுங்க.”

பார்த்தார். சர்க்கரை வியாதி வாசல்வரை வந்திருந்தது. ஸ்கேனில் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு.

“குடிப்பீங்களா?” என்றார் பெரிய டாக்டர்.

“சாராயத்தைத் தொட்டதே இல்ல டாக்டர்.”

“வேற என்ன குடிப்பீங்க?”

சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “முதல்ல அதை நிறுத்துங்க. மருந்து அப்புறம்.”

இந்த மூஞ்சியிலிருந்து ஒரு நாளாவது ஒரு ‘ஆஹ்’ வந்திருக்குமா என்று உள்ளுக்குள் ஏளனம் செய்தபடி எழுந்தார் தொண்டைக்காரர். ஆனாலும் பயந்துவிட்டார். அன்று மாலை மனைவி பாட்டில்களைத் திறந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்ட, நுரை பொங்கிப் பொங்கி அடங்கியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் மண்டையைப் பிளக்கும் தலைவலி. காலில் இடித்த நாற்காலியிடம்கூடச் சண்டைக்குப் போனார்.

“கூல்டிரிங்க்ஸ் போனதுக்கு இந்தப் பாடா? நான் ஊருக்குப் போனப்பகூட இப்படி ஏங்கலையே” என்றாள் மனைவி.

“நீ இனிக்கலையே.”

மெல்லத் தெளிந்தது. மதியத்தில் கண்ணைச் சொருகுவது நின்றது. தொப்பைக்குக் கீழே ஒளிந்திருந்த பெல்ட் வெளியே தெரிந்தது. ஒருநாள் சமையலறையில் பச்சைக் கேரட் ஒன்றை எடுத்துக் கடித்தார், இனித்தது. கேரட் இனிக்கும் என்பதே அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் நாக்கையா வைத்திருந்தோம், குப்பைத்தொட்டியை அல்லவா வைத்திருந்தோம் என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்போது புது விளம்பரத்துக்கு அழைப்பு வந்தது. சத்தம்தானே, கொடுத்துவிட்டு வருவோம் என்று போனார். கம்பெனியின் விளம்பர மேனேஜர் குளிர்ந்த பாட்டிலை மைக் முன் வைத்தார். “நிஜமா குடிங்க சார். அப்பத்தான் ஃபீல் வரும்.”

ஒரு வாய் குடித்தார். இருமல் மருந்தில் இன்னொரு கிலோ சர்க்கரையைக் கரைத்தது போல இருந்தது. வந்த சத்தம் ‘ஆஹ்’ இல்லை. கார் பயணத்தில் குழந்தை வாந்தி எடுப்பதற்கு முந்தைய சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடி, மறுபடி, அதே சத்தம். கடைசியில் மேனேஜர் போனில் பேச வெளியே போனதும், இன்ஜினியரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். வந்தது பாருங்கள் ஓர் ‘ஆஹ்’!

திரும்பி வந்து பதிவைக் கேட்ட மேனேஜர் துள்ளினார். “நம்ம சரக்கு உள்ள இறங்கினா எப்படி வருது பாத்தீங்களா!”

இன்ஜினியர் காலி டம்ளரை மெல்ல மேசைக்கடியில் தள்ளினார். மேனேஜர் தன் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து வெந்நீர் குடித்தார்.

“நீங்க இதைக் குடிக்கிறதில்லையா சார்?” என்று பாட்டிலைக் காட்டினார் தொண்டைக்காரர்.

“சேச்சே! நான் உடம்பைப் பாத்துக்கறவன். சரி, அடுத்தது ஸ்கூல் பசங்களுக்கு. சின்னப் பிள்ளை குரல்ல ஒரு ‘ஆஹ்’ கொடுங்க.”

“உங்க பிள்ளையைக் கூட்டிட்டு வாங்களேன். குடிக்க வச்சே எடுத்துடலாம்.”

“ஐயையோ, எங்க வீட்டு வாசப்படியே ஏறாது இது!” மேனேஜர் சிரித்தார். வெட்கமே இல்லாத சுத்தமான சிரிப்பு. பல் அத்தனையும் முத்து முத்தாக இருந்தது.

தொண்டைக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். “அந்தச் சத்தத்துக்கு வேற ஆளைப் பாருங்க.”

“சார், ஒரு ‘ஆஹ்’தானே?”

“ஒரு ‘ஆஹ்’தான். அதையும் நீங்களே விடுங்க.”

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கேட்டாள், “இத்தனை நாள் ஊரான் பிள்ளைங்கல்லாம் உங்க சத்தத்தைக் கேட்டுத்தானே குடிச்சுது?”

அவர் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஜன்னல் தொட்டிப் பக்கம் நகர்ந்தார்.

ஸ்கூல் பிள்ளைகளுக்கான விளம்பரம் வேறொருவர் குரலில் வந்தது. சுவரில் கால்விரலை இடித்துக்கொண்டவன் கத்துவது போல ஓர் ‘ஆஹ்’. தொண்டைக்காரர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, திரையில் பாட்டிலைக் கவிழ்க்கும் பிள்ளையைப் பார்த்ததும், எழுந்துபோய் டி.வி.யை அணைத்தார்.