எட்டு சென்டிமீட்டர்

திரேஸ்புரத்திலிருந்து நண்டு வலைக்குப் போன அந்த ஃபைபர் வள்ளத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருவன் விஜிலாவின் தம்பி ரெக்ஸ். மற்றவன் அவன் கூட்டாளி ஃபிராங்க்ளின். ஐப்பசி கடைசியில் ஒரு சனிக்கிழமை போனார்கள். அன்று சாயங்காலம் வாடைக் காற்று சீறிக்கொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமை புன்னைக்காயலுக்குக் கிழக்கே வள்ளம் கவிழ்ந்து மிதப்பதைக் கண்டு இழுத்து வந்தார்கள். ஆட்களைக் காணவில்லை. ஊர் வள்ளங்கள் எட்டு நாள் தேடின. ஒன்பதாம் நாள் அவரவர் தொழிலுக்குப் போய்விட்டார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

பன்னிரண்டாம் நாள் மணப்பாட்டுக்குத் தெற்கே ஓர் உடல் ஒதுங்கியது.

ஆண் என்பது மட்டும் தெரிந்தது. முகத்தை மீன்கள் விட்டுவைக்கவில்லை. உடம்பில் துணி இல்லை. ரெக்ஸுக்கு வயது இருபத்தேழு, ஃபிராங்க்ளினுக்கு இருபத்தொன்பது; வயதைக் கொண்டும் பிரிக்க வழியில்லை. இரண்டு பேருமே ஆயுளில் ஒரு பல் டாக்டரிடம் போனவர்கள் இல்லை. ஆஸ்பத்திரி பிணவறைக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தன. விஜிலாவும் அவள் அம்மா செலினும் ஒரு பக்கம். ஃபிராங்க்ளினின் பெண்சாதி பிலோமி, நாலு வயது அனிஷாவை மடியில் போட்டுக்கொண்டு மறுபக்கம். உள்ளே கிடப்பது ஒருவன்தான். வெளியே காத்திருந்தவர்களோ இரண்டு வீட்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் முருகேஸ்வரி பதினோரு மணிக்கு வெளியே வந்தார். கூடவே மரைன் போலீஸ் எஸ்.ஐ. பாண்டியராஜ்.

"டி.என்.ஏ.க்கு சாம்பிள் எடுத்தாச்சு. செலின் அம்மாகிட்டயும் அந்தக் குழந்தைகிட்டயும் ரத்தம் எடுத்து அனுப்பணும். ரிசல்ட் வர ஒன்றரை மாசம் ஆகலாம்" என்றார் டாக்டர். "தொடை எலும்பை அளந்து பார்த்தேன். அதை வச்சு உயரம் நூத்தி எழுபத்திரண்டு சென்டிமீட்டர்னு வருது. நாலு முன்னப் பின்ன இருக்கும்."

"அந்த நாலு, ஸ்டாண்டர்ட் எரரா டாக்டர்?" என்று கேட்டாள் விஜிலா.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. நீங்க?"

"காலேஜ்ல புள்ளியியல் எடுக்கேன்."

ஃபிராங்க்ளின் போன வருஷம் துபாய் போவதற்காக மெடிக்கல் எடுத்திருந்தான். அந்தத் தாளில் உயரம் நூற்று எழுபத்துமூன்று. ரெக்ஸுக்குக் கப்பல் வேலைக்காக எடுத்த புத்தகம் ஒன்று இருந்தது. அதில் நூற்று அறுபத்துநான்கு. இரண்டையும் எஸ்.ஐ. தன் குறிப்பேட்டில் அடுத்தடுத்து எழுதிக்கொண்டார்.

விஜிலா கைப்பையிலிருந்து ஒரு பழைய வினாத்தாளை எடுத்து அதன் பின்பக்கம் திருப்பினாள். எட்டு வருஷமாக வகுப்பில் போட்டுக்கொண்டிருக்கும் கணக்குதான். ஒரே உயரமுள்ள நூறு பேரின் எலும்பை அளந்தால் எல்லோருக்கும் ஒரே விடை வராது. பெரும்பாலும் உண்மையான உயரத்தை ஒட்டியே வரும்; அதிலிருந்து விலக விலக ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள். வரைந்தால் கவிழ்த்து வைத்த மணி மாதிரி இருக்கும். ரெக்ஸின் நூற்று அறுபத்துநாலை மணியின் நடுவில் வைத்தாள். எலும்பு சொன்ன நூற்று எழுபத்திரண்டு அங்கிருந்து எட்டு சென்டிமீட்டர் தள்ளி விழுந்தது. எட்டை நாலால் வகுத்தால் இரண்டு. இரண்டுக்கு அப்பால் வால் பகுதியில் மிஞ்சும் பரப்புக்கு அட்டவணையைப் பார்க்க வேண்டியதில்லை, அவளுக்கு மனப்பாடம். புள்ளி பூஜ்யம் இரண்டு இரண்டு எட்டு.

பன்னிரண்டு நாளில் முதன்முறையாக அவளுக்கு வயிற்றில் பசி தெரிந்தது.

"ரெக்ஸ் உயரத்துல இருக்கிற நூறு பேரை அளந்தா, ரெண்டு பேருக்குத்தான் நூத்தி எழுபத்திரண்டோ அதுக்கு மேலயோ காட்டும் சார்" என்றாள்.

"அப்ப இது ரெக்ஸ் இல்லங்கிறது தொண்ணூத்தெட்டு சதவீதம் உறுதி" என்றார் எஸ்.ஐ.

அது தப்பு. அவர் சொன்னதும் அவள் சொன்னதும் வேறு வேறு. ரெக்ஸாக இருந்தால் இப்படிக் காட்ட எவ்வளவு வாய்ப்பு என்பது ஒரு கேள்வி. இப்படிக் காட்டியிருக்கும்போது இது ரெக்ஸாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது இன்னொரு கேள்வி. ஒன்றின் விடையை இன்னொன்றுக்கு எழுதும் மாணவிகளுக்கு அவள் முழு மதிப்பெண்ணையும் வெட்டிவிடுவாள். இதைவிடப் பெரிய தப்பு வேறொன்றும் இருந்தது. கப்பல் புத்தகத்தில் இருந்தது ரெக்ஸின் பதினெட்டாம் வயது உயரம். அதற்குப் பிறகு அவன் இரண்டு விரற்கடையாவது வளர்ந்திருந்தான். அடுத்த வருஷம் அவனுடைய பேண்ட்டுகளின் மடிப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தவளே அவள்தான்.

இரண்டையும் அவள் சொல்லவில்லை.

"இது சராசரிக் கணக்கு. நான் ரிப்போர்ட்ல யார்னு எழுத மாட்டேன். டி.என்.ஏ. வரட்டும்" என்றார் டாக்டர். ஆனால் உடலை அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்பதையும் அவரே சொன்னார். குடும்பத்தார் அடையாளம் சொல்லி எழுதிக் கொடுத்தால் அடக்கம் செய்யலாம். இல்லையென்றால் பெயர் இல்லாமல் புதைக்க வேண்டும்.

செலின் எழுந்து நின்றாள். "எம் பிள்ளைய எனக்குத் தெரியாதா? முகம் வேண்டாம். காலை மட்டும் காட்டச் சொல்லுளா. நான் சொல்லிருவேன்."

"வேண்டாம்மா. அது அவன் இல்ல." விஜிலா அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

பிலோமி கேட்டாள். "விஜிலாக்கா, கணக்கு சரிதானா?"

"சரிதான்."

"அப்ப உள்ள கெடக்கது அனிஷா அப்பாவா?"

விஜிலா வினாத்தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்படித்தான் தெரியுது பிலோமி."

பிலோமி தூங்கும் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, எஸ்.ஐ. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலமே அடக்கம். பெட்டியைத் திறக்கவில்லை. திரேஸ்புரமே கல்லறைத் தோட்டத்தில் நின்றது. விஜிலா பெண்கள் கூட்டத்தோடு நின்று ஒரு கைப்பிடி மண் போட்டாள். பிலோமியின் தாலியைக் கழற்றும்போது எழுந்த ஓலத்தைக் கேட்டாள். அத்தனைக்கும் நடுவில் அவள் உடம்பு லேசாக இருந்தது. பாரம் இறங்கியது போல இருந்தது. அது என்ன பாரம், யார் தலையில் இறங்கியது என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. செலின் அடக்கத்துக்கு வரவில்லை. மகன் திரும்பி வரப்போகிற வீட்டிலிருந்து சாவு வீட்டுக்குப் போக வேண்டாம் என்று விஜிலாதான் தடுத்திருந்தாள்.

பிறகு அந்த வீட்டில் நம்பிக்கை குடியேறியது. ரெக்ஸ் ஏதாவது சரக்குக் கப்பலில் ஏறியிருப்பான், மொழி தெரியாத துறைமுகத்தில் இறங்கியிருப்பான், இலங்கைக் கரையில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் கிடப்பான். விஜிலா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தாள். செலின் தினமும் மகனுக்கும் சேர்த்து உலை வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு ஒரு நீலச் சட்டை எடுத்தாள்.

டிசம்பரில் ஒரு நாள் இரண்டாம் வருஷ வகுப்புக்குப் பாடம் தயாரித்துக்கொண்டிருந்தபோது விஜிலாவின் கை தானாக அந்தக் கணக்கைப் போட்டது. இந்த முறை சரியாக. காணாமல் போனவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் சம வாய்ப்பு என்று ஆரம்பிக்க வேண்டும். நூற்று எழுபத்திரண்டு என்கிற இடத்தில் ஃபிராங்க்ளினின் மணி எவ்வளவு உயரம், ரெக்ஸின் மணி எவ்வளவு உயரம் என்று ஒப்பிட வேண்டும். வாலின் பரப்பை அல்ல. போட்டுப் பார்த்தாள். அது ரெக்ஸாக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. நூற்றில் இரண்டு இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். வளர்ந்த மூன்று சென்டிமீட்டரைச் சேர்த்து, நூற்று அறுபத்தேழு என்று வைத்துப் போட்டாள்.

மூன்றில் ஒன்று.

அந்தப் பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, இனிச் சொல்லி என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஜனவரி முதல் வாரம் எஸ்.ஐ. பாண்டியராஜ் நேரில் வந்தார். வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார். செலினின் ரத்தத்தோடு பொருந்திவிட்டது. மணப்பாட்டில் ஒதுங்கியது ரெக்ஸ்.

செலின் அழவில்லை. மகளிடம் திரும்பினாள்.

"ஊரே போச்சேளா அந்த அடக்கத்துக்கு. நான் மட்டும் போகலியே. எம் பிள்ளைக்கு நான் ஒரு பிடி மண்ணு போடலியே."

விஜிலா கும்பிட்டாள், காலைப் பிடித்தாள். செலின் காலை உதறவும் இல்லை, அவளைத் தூக்கவும் இல்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

பிலோமியிடம் தானே போய்ச் சொல்வதாக விஜிலா எஸ்.ஐ.யிடம் கேட்டுக்கொண்டாள். அடுத்த தெருதான். அங்கே நடந்து போவதற்குள் அவள் மூன்று இடத்தில் நின்றாள். பிலோமி வெள்ளைச் சேலையில், நண்டு உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விஜிலா சொன்னதை நின்ற வாக்கில் கேட்டாள்.

"அப்ப அவரு எங்க?"

விஜிலா அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொட்டினாள். எஸ்.ஐ. சொன்னது தப்பு என்று தெரிந்தும் திருத்தாதது, ரெக்ஸ் வளர்ந்ததை மறைத்தது, டிசம்பரிலேயே மூன்றில் ஒன்று என்று கண்டுபிடித்தது. "அவன் உசிரோட இருக்கணும்னு நினைச்சேன் பிலோமி. அதுக்கு உன் மாப்பிளைய..."

"எனக்குத் தெரியும்" என்றாள் பிலோமி. "அன்னைக்கு அந்தப் பேப்பர்ல எழுதி முடிச்சதும் உங்க மொகத்துல ஒரு தெளிச்சி வந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பன்னெண்டு நாளாத் தூங்கல எனக்கு. ஏதோ ஒண்ணு முடிஞ்சாச் சரின்னு இருந்துச்சு." சுவரோரம் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். "இவள வாரா வாரம் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போய், அப்பா இங்கனதான் தூங்குதாங்கன்னு சொல்லிவச்சிருக்கேன். இனி எங்கன கூட்டிட்டுப் போவேன்?"

விஜிலாவிடம் திரும்பிக் கேட்டாள். "ரெண்டு மாசம் ஆச்சு. அவரு உசிரோட இருக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கு? சொல்லுங்க. நீங்கதான் கணக்குப் போடுவீங்களே."

விஜிலா அவள் கண்ணைப் பார்த்தாள். "இல்ல பிலோமி. வரமாட்டாரு."

"இத அன்னைக்கே ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லிருக்கலாம்க்கா" என்றாள் பிலோமி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து மறுபடி ஜெபம் சொன்னார். ஃபிராங்க்ளின் பெயர் எழுதிய குருசைப் பிடுங்கிவிட்டு ரெக்ஸ் பெயர் எழுதியதை நட்டார்கள். செலின் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். போடுவதற்குக் குழி இல்லை. மேட்டின் மேலேயே தூவிவிட்டு நின்றாள். பிடுங்கிய குருசை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பிலோமி அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஃபிராங்க்ளினின் இறப்புச் சான்றிதழை ரத்து செய்துவிட்டார்கள். உடல் கிடைக்காவிட்டால் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். தாலியைத் திரும்பக் கட்டிக்கொள்ள வேண்டுமா என்று பிலோமி சாமியாரிடம் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. ஈஸ்டருக்கு முன்னால் அவள் மாப்பிள்ளையூரணியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் குடிபெயர்ந்தாள். வெள்ளைச் சேலையா நிறச் சேலையா என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு குட்டியானை லோடு வண்டியில் ஏறினாள்.

விஜிலா தெருமுனையில் நின்றாள். பாத்திரம் ஏற்றக் கை கொடுக்க வந்தவளை யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. வண்டி திரும்பும்போது அனிஷா மட்டும் அவளைப் பார்த்துக் கையை ஆட்டியது. விஜிலா திருப்பிக் கையாட்டவில்லை.

ஃபிராங்க்ளின் கடைசிவரை கிடைக்கவில்லை.