வஹீதாவின் இடம்

என் மனைவி வஹீதாவின் ஆயுளை நான் பேப்பர் செய்திகளை வைத்துத்தான் கணக்குச் சொல்வேன். சீனச் சண்டை நடந்தபோது பிறந்தவள். இந்திரா காந்தியைச் சுட்ட வாரத்தில் எங்கள் நிக்காஹ். பஸ் ஓடவில்லை, லால்குடி சொந்தங்கள் ஒருத்தரும் வரவில்லை. ஆக்கிய பிரியாணியைத் தெருவே தின்றது. "நம்ம நிக்காஹுக்கு நாடே கடையடைச்சிருக்கு" என்று என் அம்மாவிடமே சொல்லிச் சிரித்தாள், வாய்க்கொழுப்பு பிடித்தவள்.

மகள் அல்ஃபியா பிறந்தபோது குவைத்துக்குள் ஈராக் படை புகுந்திருந்தது. அங்கே வேலையில் இருந்த நான் தப்பி வந்து ஜோர்டான் எல்லையில் ரொட்டிக்கு வரிசையில் நின்றேன். எவன் எவனோ சண்டை போட்டதில், பெற்ற பிள்ளை காதில் பாங்கு சொல்ல நான் இல்லை. இவர்கள் சரித்திரத்துக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை.

அப்புறமும் குவைத்துக்கே போய்த் தொலைந்தேன். கொரோனாவின் இரண்டாம் அலையில் வஹீதா போய்ச் சேர்ந்தாள். விமானம் இல்லை. முழுக் கவச உடுப்பு மாட்டிய தொண்டர் பையன்கள் அடக்கம் செய்தார்கள். நான் திருச்சியில் வந்து இறங்கியது மழைக்காலத்தில்.

"அம்மா கபுர் எதும்மா?" என்று அல்ஃபியாவைக் கேட்டேன்.

"பொம்பளைங்க கபுர்ஸ்தானுக்குள்ள போறதில்லையே அத்தா. கேட்டுக்கு வெளியவே நின்னு அழுதுட்டு வந்துட்டேன். மீசான் கல்லை அவங்களே நடுவாங்கன்னு நெனச்சேன்."

பையன்களோ வீட்டார் நடுவார்கள் என்று விட்டிருக்கிறார்கள். தலைமாட்டில் கல் இல்லை. மேட்டையும் மழை கரைத்துவிட்டது.

கபுர்ஸ்தானைப் பார்த்துக்கொள்ளும் இம்தியாஸ் வேப்பமரத்தடியில் ஓரிடத்தைக் காட்டினார். "இதுதாங்க பாய். நல்லா ஞாபகம் இருக்கு."

அப்பாடா என்றிருந்தது. அதிலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் அங்கேதான். பாத்திஹா ஓதிவிட்டுப் பேசிக்கொண்டிருப்பேன். காந்தி மார்க்கெட்டில் தக்காளி விற்கிற விலை, அல்ஃபியா மாமியாரின் அலட்டல், எல்லாம். உயிரோடு இருந்தவரை அவளிடம் இவ்வளவு பேசியதில்லை. வீட்டில் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

போன வெள்ளி கொஞ்சம் தாமதமாகிவிட்டது. என் வயதுக்காரர் ஒருவருக்கு இம்தியாஸ் அதே மண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார். "இதுதாங்க உங்க வீட்டம்மா. நல்லா ஞாபகம் இருக்கு."

என்னைக் கண்டதும் இம்தியாஸின் முகம் செத்துவிட்டது. சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அதற்குள் அந்த மனிதர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டேன் பஸீலா" என்றார், மெதுவாக.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?"

"என் வீட்டம்மாவை. பக்கத்துல" என்றேன்.

நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். யாருடைய மண்ணோ, பாத்திஹாவை ஆரம்பித்தேன்.