துரொண்ட்ஹெய்முக்குப் போகும் பன்னிரண்டு பேர்

அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தமிழ்ச் சங்கத் தலைவர் குகதாசன், ட்ராம் ஓட்டுகிறவர். செயலாளர் ஜெகதீஸ்வரன், குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தலையாட்டுகிறவர். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்து மூன்று வருடமான அருட்செல்வம். பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய சோபிகா, வயது இருபத்தொன்று, ஒஸ்லோவில் பிறந்தவள். ஐந்தாவது ஆள் நான், பிலேந்திரன், தலைமன்னார் ரயில் பாதையில் இருபத்தாறு வருடம் நிலைய அதிபராக இருந்தவன். ஆறாவதாக ஒருவரும் இல்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டதாகச் சொல்கிறவர்களை நம்பவேண்டாம். கதவைச் சாத்தியவன் நான்.

2007 மே மாதம், ஒரு சனிக்கிழமை, பியோர்ண்டாலில் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு கூடினோம். யூன் மாதம் துரொண்ட்ஹெய்மில் நடக்கும் தமிழர் விளையாட்டுப் போட்டியில் அந்த வருடம் முதன்முறையாகப் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு பேஸ்போல் சேர்த்திருந்தார்கள். இங்கே பிள்ளைகள் பாடசாலையில் சிறுவயதிலேயே மட்டையும் பந்துமாக ஓடி விளையாடப் பழகிவிடுகிறார்கள். அதைப் பார்த்த யாருக்கோ வந்த யோசனை. முப்பத்தொரு பிள்ளைகள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மைதானத்தில் எறிந்தும் அடித்தும் காட்டினார்கள். அவர்களில் பன்னிரண்டு பேரைத் தெரிவு செய்யவேண்டும். “ஐயா இருந்தால் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்” என்று சொல்லித்தான் குகதாசன் என்னைக் குழுவில் சேர்த்தார். என் மகன் றெஜினோல்டின் பிள்ளை ஜெனிஸ்ரனும் அந்த முப்பத்தொரு பேரில் ஒருவன். ஆகவே நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மைதானத்தின் பக்கம் போகவில்லை. பேரன் எறிவதைப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

குகதாசன் பட்டியலை வாசித்தார். முதலாவது பெயர் ஜெனிஸ்ரன். என் பெயரை நானே கேட்டதுபோல முதுகு நிமிர்ந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்பதாவது பெயர் அபிசன், குகதாசனின் தங்கை மகன்.

சோபிகா கையை உயர்த்தாமலே கதைத்தாள்.

“குகதாசன் அங்கிள், அபிசன் ஒரு திரேனிங்குக்குத்தான் வந்தவன். பந்து வந்தால் கண்ணை மூடுறான்.”

“கண்ணை மூடி செபம் சொல்லுறானாக்கும்” என்றார் குகதாசன், கத்தோலிக்கனான என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. ஜெகதீஸ்வரனும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அருட்செல்வம் மடிக்கணினியைத் திறந்தார். “இருபது பந்துல நாலுதாங்க புடிச்சிருக்கான். சுபேசன் பதினேழு புடிச்சான். லிஸ்ட்ல சுபேசனையே காணோமே?”

“தம்பி, உங்கடை கிரிக்கெட் கணக்கை இஞ்சை கொண்டுவராதையும்.”

“இது பேஸ்பால் கணக்குதான் சார்.”

குகதாசனின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பட்டியலைத் தூக்கி, முதலாவது பெயரில் விரலை வைத்து எல்லோருக்கும் காட்டினார். “இதைப் பாருங்கோ. ஐயாவின்ரை பேரன். இவனைப் பற்றி ஆரும் கணக்குக் கேட்டனீங்களோ? இல்லையே. ஐயாவின்ரை பேரன் போகலாமெண்டால் தலைவற்றை மருமோனும் போகலாம். என்ன ஐயா?”

அந்த “என்ன ஐயா”வை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நான் கடமையில் இருந்த காலத்தில் ஒரு பெரிய அதிகாரியின் மனைவிக்காக ஒரு நிமிடம் ரயிலை நிறுத்திவைக்க மறுத்து, அதற்காகத் தண்டனை இடமாற்றம் போனவன். என் பிள்ளைகள் எவருக்கும் என் பெயரைச் சொல்லி ஒரு கதவும் திறந்ததில்லை. இந்த நாட்டுக்கு வந்தும் அப்படித்தான். இந்த மனிதர் என் பேரனின் பெயரைத் தன் மருமகனுக்குக் குடையாகப் பிடிக்கிறார். அந்தக் குடைக்குள் நானும் நிற்கிறேன் என்று நான்கு பேருக்கு முன்னால் சொல்கிறார்.  

பட்டியலை அவர் கையிலிருந்து வாங்கி, சட்டைப்பையிலிருந்த பேனாவால் ஜெனிஸ்ரனின் பெயரை வெட்டினேன். ஒரே கோடு, நேராக.

“ஆர்லி தால்ட்!” என்று கத்தினாள் சோபிகா. ‘இதென்ன கதை’ என்கிற மாதிரி; கோபம் வந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு நோர்வேஜிய மொழிதான் வாயில் வரும். பிறகு தமிழுக்கு வந்தாள். “ஐயா, அவன்தான் எங்கடை எறியிற ஆள். அவனை விட்டிட்டு மற்ற ஆக்கள் போய் என்ன செய்யிறது?”

“சார், அம்பதுல நாப்பத்தொண்ணு சரியா போட்டிருக்கான்” என்றார் அருட்செல்வம். “உங்க பேரன்னு எனக்கு இப்பதான் தெரியும். நானே நின்னு எண்ணினேன் சார்.”

“நீர் எண்ணினது சரி. சனம் எண்ணுறது வேறை” என்றேன். பேனாவைக் குகதாசன் பக்கம் தள்ளினேன். “இப்ப நீர் வெட்டும்.”

அவர் வெட்டுவார் என்று நினைத்தேன். ஒரு மனிதன் தன் சொந்த இரத்தத்தை வெட்டிவிட்டுப் பேனாவை நீட்டினால் மற்றவன் வெட்கப்படுவான் என்று எழுபத்தொரு வருடம் நம்பியிருந்தேன். குகதாசன் பேனாவை எடுத்தார். நான் வெட்டிய பெயருக்கு மேலே, மெதுவாக, சுபேசன் என்று எழுதினார்.

“இப்ப எல்லாருக்கும் சந்தோசம்தானே. சுபேசனும் வந்திட்டான். ஐயாவின்ரை பெருந்தன்மையைக் குறிப்பிலை எழுதும், ஜெகதீஸ்.”

ஜெகதீஸ்வரன் எழுதினார். அபிசன் ஒன்பதாவது இடத்திலேயே இருந்தான். திரும்ப என் பேரனின் பெயரை எழுதச் சொல்ல என்னால் முடியுமா? வெட்டிய கையாலேயே எழுது என்று எந்த வாயால் கேட்பது? தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சோபிகா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹவுகெட்டோவில் பஸ்ஸால் இறங்கி, எங்கள் கட்டடத்தின் கார்த் தரிப்பிடச் சுவரைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். மார்ச் மாதத்தில் ஜெனிஸ்ரன் அந்தச் சுவரில் பந்தெறிந்து அழுக்காக்குவதாகக் குடியிருப்பு நிர்வாகம் றெஜினோல்டுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. அன்றே வாளியும் தும்புமாகப் போய் நானே உரஞ்சிக் கழுவினேன். அதிக நேரம் எடுக்கவில்லை. அத்தனை பெரிய சுவரில் கறுப்பு அடையாளங்கள் எல்லாம் ஒரே இடத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் இருந்தன. அப்போது அது எனக்கு வேலை குறைந்த விடயமாக மட்டுமே பட்டது.

வீட்டில் மருமகள் மரியரஞ்சனி தேநீர் வைத்தாள். நான் வீட்டுக்கு வரமுன்னரே சோபிகா தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். றெஜினோல்ட் சமையலறை வாசலில் நின்றான்.

“உங்கடை மரியாதைக்கு என்ரை பிள்ளையோ கிடைச்சவன்?”

என் மகன் என்னுடன் அப்படிக் கதைத்தது அதுதான் முதல்தடவை. “வாயை அடக்கிக் கதை” என்றேன். அவன் அடக்கவில்லை.

“குகதாசனுக்குப் படிப்பிக்கிறன் எண்டு போய் அவன்ரை மருமோனுக்கு வழி விட்டிட்டு வந்திருக்கிறியள், அப்பா.”

ஜெனிஸ்ரன் அறையிலிருந்து வந்தான். அழவில்லை. எங்கள் ஆட்களைப்போல நிமிர்ந்து நின்றான்.

“அப்பப்பா, நான் பிழையா எறிஞ்சனானோ?”

“இல்லை.”

“அப்ப ஏன்?”

“மற்றவை கதைக்கக் கூடாது எண்டு.”

“ஆர் மற்றவை?”

பதில் இருந்தது. பெயர் பெயராகச் சொல்லக்கூடிய பதில். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முன்னால் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரிந்தன. தேநீரைக் குடித்தேன். அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால் நான் ஏதாவது ஏசியிருப்பேன்.

பன்னிரண்டு பேரும் துரொண்ட்ஹெய்முக்குப் போய் இரண்டு ஆட்டத்திலும் தோற்று வந்தார்கள். அதில் எனக்குச் சந்தோசமில்லை. தோற்றவர்கள் எங்கள் பிள்ளைகள். ஆனால் அதற்குப் பிறகு கோயில் வாசலில் ஆட்கள் என்னிடம் அனுதாபத்துடன் வரத் தொடங்கினார்கள். போன ஞாயிறு பூசை முடிய ஒருவர் என் தோளில் கைவைத்து, “குகதாசன் செய்தது சரியில்லை ஐயா, உங்கடை பெடியனை எடுக்காமல் விட்டிட்டாங்கள். நீங்கள் மேசையிலை அடிச்சுப்போட்டு வந்தது நல்ல வேலை” என்றார்.

இதைப் பலர் நம்புவதாக அறிகிறேன். நான் மேசையில் அடிக்கவில்லை. என் பேரனை அவர்கள் எடுத்திருந்தார்கள். வெட்டியவன் நான்.