எண்பதில் வரும் விசில்

அக்காவின் எலக்ட்ரிக் காரில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விசில் வரும். எழுபத்தைந்தில் கிடையாது. தொண்ணூறில் காற்றின் இரைச்சலுக்குள் கரைந்துவிடும். எண்பதில் மட்டும், ஓட்டுபவரின் காதுக்குப் பின்னால், யாரோ பல்லிடுக்கில் ஊதுவதுபோல மெல்லியதாக வரும். இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்து இருக்கையில் மூச்சை அடக்கிக்கொண்டு நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சில நாள் கேட்டதுபோல இருந்தது. உண்மையிலேயே கேட்கிறதா, அக்கா மேல் உள்ள பிரியத்தில் கேட்கிறதா என்று எனக்கே பிடிபடவில்லை.

அக்காவின் கணவரான மாமாவுக்குக் கேட்கவே இல்லை. அறுபதுக்கு மேல் வண்டி ஓட்டாத மனிதருக்கு எப்படிக் கேட்கும்?

"உன் காதுக்குள்ள இருக்கிற குருவி இன்னும் பறக்கலையா?" என்பார், கார் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே.

அந்தக் குருவிதான் பிரச்சினை. அக்கா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். நாலு மாதத்துக்கு முன்பு ஒரு காதில் கிருமி தொற்றி, படுத்து எழுந்த பிறகும் மெல்லிய ரீங்காரம் தங்கிவிட்டது. கேட்கும் திறன் சரியாக இருக்கிறது, ரீங்காரம் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் இரண்டு கட்டங்கள். நீதிமன்ற அறைக்கே திரும்புகிறேன் என்று ஒன்று, கோப்பறைக்கு நிரந்தரமாக மாறிக்கொள்கிறேன் என்று இன்னொன்று. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றில் குறி போட்டு அனுப்ப வேண்டும். அக்கா அதை மடித்து, காரில் வெயில் மறைக்கும் பலகையின் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

"கோப்பறைக்கே போயிடேன். நிம்மதியா இருக்கலாம்" என்றார் மாமா.

"இந்த விசில் நிஜமா இல்லையான்னு தெரியட்டும். இல்லாத சத்தம் எனக்குக் கேக்குதுன்னா, ஒருத்தர் 'பாத்தேன்'னு சாட்சி சொல்றதை நான் 'பாக்கல'ன்னு எழுத மாட்டேன்னு என்ன நிச்சயம்? அப்போ நானே கோப்பறைக்குப் போயிடுறேன். நிஜம்னா, ஒருத்தரும் என்னை அங்க தள்ள முடியாது."

சர்வீஸ் சென்டருக்கு முதல் முறை போனபோது மேனேஜர் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து உபசரித்தார்.

"மேடம், எலக்ட்ரிக் கார்ல இன்ஜின் சத்தம் கிடையாது. பெட்ரோல் காரா இருந்தா இந்தக் காத்துச் சத்தமெல்லாம் அதுல அமுங்கிடும். இங்க மறைக்க ஒண்ணுமில்ல, அதான் கேக்குது. பழகிடும்."

அக்கா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துச் சுருக்கெழுத்தில் நாலு கோடு கிறுக்கினாள்.

இரண்டாவது முறை அவர் தன் போனைக் கார் இருக்கையில் வைத்துச் சத்தத்தை அளந்தார். "அறுபத்தெட்டு டெசிபல். கம்பெனி சொன்ன அளவுக்குள்ளதான் இருக்கு."

"எவ்வளவு சத்தம்னு அது சொல்லுது. என்ன சத்தம்னு சொல்லலையே."

"அது வந்து மேடம், உங்க வீட்டு சார் போன்ல சொன்னாரு. உங்களுக்குக் காதுல ஏதோ..."

அக்கா அதையும் எழுதிக்கொண்டாள். அன்று வீட்டில் மாமாவுக்கு விழுந்த திட்டை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெயின்ட் கடையிலிருந்து ஆறு உருளை காகித டேப் வாங்கி வந்தாள். குடியிருப்பின் கீழே நின்றிருந்த காரின் இடுக்குகளையெல்லாம் நானும் அவளும் ஒட்டினோம். முன்கண்ணாடியின் விளிம்பு, பக்கக் கண்ணாடிகளின் அடி, நான் ஏறும் கதவு தவிர மற்றக் கதவுகளின் ஓரம் என ஒன்றையும் விடவில்லை. ஓட்டுபவர் பக்கத்துக் கதவை மட்டும், அக்கா உள்ளே ஏறிய பிறகு நான் வெளியிலிருந்து ஒட்டினேன். மேல் மாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, காருக்குக் கட்டுப் போட்டிருக்கீங்க? எலும்பு முறிவா?"

"காய்ச்சல்தான் சார், வாயைக் கட்டியிருக்கோம்" என்றாள் அக்கா.

புறவழிச்சாலையில் எண்பதில் போனோம். "இல்லை" என்றாள். ஓரமாக நிறுத்தி ஒரு டேப்பை உரித்தேன். மறுபடி எண்பது. இல்லை. இன்னொன்று. இல்லை. பதினோராவது டேப், ஓட்டுபவர் பக்கத்துக் கதவின் பின்புற மேல் மூலை. அதை உரித்துவிட்டுக் கிளம்பியதும் அக்கா ஸ்டியரிங்கைத் தட்டினாள்.

"வந்துடுச்சு!"

மாமா நம்பவில்லை. "டேப் ஒட்டினா நிக்கும்னு நினைச்ச, நின்னுச்சு. பிரிச்சா வரும்னு நினைச்ச, வந்துச்சு."

அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்ததுதான் அவளை அன்று தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை மூன்றாவது முறையாகப் போனோம். மேனேஜர் இந்த முறை தண்ணீர் கொடுக்கவில்லை. 'சத்தம் இல்லை, வாடிக்கையாளருக்குத் திருப்தி' என்று ஏற்கெனவே எழுதிய தாளை நீட்டினார்.

"ஓட்டிப் பாத்துட்டு எழுதுங்க" என்றாள் அக்கா.

"எங்க ஆளே ஓட்டட்டும். பதினெட்டு வருஷ அனுபவம்."

அவர்களுடைய ஓட்டுநர் தலையில் கம்பெனித் தொப்பி. எல்லாரும் அவரைத் தொப்பி என்றே கூப்பிட்டார்கள். மேனேஜர் முன்னால் உட்கார்ந்தார். அக்கா பின்னால், சரியாக ஓட்டுநருக்குப் பின்னே. நான் அவள் பக்கத்தில்.

எண்பது. காற்று காரை உரசிக்கொண்டு போனது. டயர்கள் முனகின. அவ்வளவுதான். விசில் இல்லை.

"என்ன மேடம்?" என்றார் மேனேஜர், திரும்பாமலே.

அக்கா என் கையைப் பிடித்தாள். "எனக்கும் கேக்கலடி" என்றாள், எனக்கு மட்டும்.

அந்தப் படிவத்தின் இரண்டாவது கட்டம் என் கண்முன் வந்து நின்றது. அக்கா தலையைக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே இருந்துவிட்டாள். இருக்கைக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொப்பி அண்ணே, அந்தக் கையை எடுங்க."

"எந்தக் கைம்மா?"

"கதவைப் பிடிச்சிருக்கீங்களே, அந்தக் கை."

அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். மற்றொரு கை கதவின் உட்புறப் பிடியில் கொக்கி போல மாட்டி, கதவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"அட, இதுவா? பழைய கம்பெனி வண்டியில கதவு லொடலொடன்னு ஆடும். பிடிச்சுக்கிட்டே ஓட்டிப் பழகிடுச்சு" என்று சிரித்தபடி கையை எடுத்தார்.

விசில் வந்தது. பல்லிடுக்கில் ஊதுவதுபோல, மெல்லியதாக, திட்டவட்டமாக. எனக்கே கேட்டது. எந்தப் பிரியமும் தேவைப்படவில்லை.

"காத்து திசை மாறியிருக்கும்" என்றார் மேனேஜர்.

"பிடிங்கண்ணே" என்றாள் அக்கா. நின்றது. "விடுங்க." வந்தது. "பிடிங்க." நின்றது. "விடுங்க." தொப்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவள் சொல்லாமலே இன்னும் இரண்டு தடவை செய்து காட்டினார். "சார், கதவு சரியா உக்காரல சார். மேல் மூலையில இடைவெளி. இத்தனை நேரமா நான்தான் அடைச்சு வச்சிருந்திருக்கேன்!"

பட்டறையில் கதவின் பூட்டு மாட்டும் கொக்கியைத் தளர்த்தி இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினார்கள். கால் மணி நேர வேலை.

"சின்ன விஷயம்தான் மேடம். கதவுன்னு நீங்க முதல்லயே தெளிவா சொல்லியிருந்தா..."

அக்கா நோட்டைத் திறந்து, நீதிமன்றக் குரலில் வாசித்தாள். "மூன்றாம் தேதி, பத்தேகால் மணி. வாடிக்கையாளர்: 'கதவுப் பக்கம், காது உயரத்துல வருது.' மேனேஜர்: 'பழகிடும்.' ஒன்பதாம் தேதி, நாலு மணி. மேனேஜர்: 'உங்களுக்குக் காதுல ஏதோ.' அந்த 'ஏதோ'வுக்கு அப்புறம் என்ன சொல்ல வந்தீங்க? அந்த இடத்தைக் காலியா விட்டிருக்கேன்."

தொப்பி ஒரு ஸ்பேனரைத் தேடுவதுபோல அங்கிருந்து நகர்ந்தார். மேனேஜர் தன் தாளை அவரே கிழித்து, வேறொன்று எழுதிக் கொடுத்தார். அதையும் அக்கா இரண்டு இடத்தில் திருத்தினாள்.

திரும்பும்போது எண்பதில் கார் ஒரு அறையைப் போல அமைதியாக இருந்தது.

"இப்ப என்ன கேக்குது?" என்றேன்.

"குருவி."

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அவளோ சாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னோடது. நின்னாலும் ஓடினாலும் ஒரே மாதிரி இருக்கும். யார் கையை எடுத்தாலும் மாறாது. எது உள்ள, எது வெளியன்னு எனக்குத் தெரியும்டி. அவங்களுக்குத்தான் தெரியல."

ஓரமாக நிறுத்தி, பலகையின் பின்னாலிருந்த படிவத்தை உருவினாள். ஸ்டியரிங்கின் மேலேயே வைத்து, முதல் கட்டத்தில் பேனாவை அழுத்திக் குறி போட்டாள். அழுத்திய அழுத்தில் ஹாரன் அலறியது. நடைபாதையில் போன ஒருவர் திரும்பி முறைத்தார்.

"கேக்கட்டும்" என்றாள் அக்கா. கையெழுத்தையும் அதே இடத்தில் வைத்துத்தான் போட்டாள்.