கன்றின் கழுத்தில் தொங்கிய மூடி

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த காலை. குளிர் தாங்காமல் சமையலறை ஜன்னலைச் சாக்கு திணித்து அடைத்திருந்தோம். உள்ளறையில் என் மாமனார் கருப்பண்ணன் படுத்திருந்தார். மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். வெளியே வரவேண்டுமென்றால் சமையலறை வழியாக யாராவது அவரைத் தூக்கி வர வேண்டும்.

பால் பொங்குவதற்குள் கேஸ் தீர்ந்துவிட்டது. என் கணவர் வேல்முருகன் மூலையிலிருந்த புது சிலிண்டரை இழுத்து வந்தார்.

"உன் கேசுல வெச்ச பாலு அழுகுன முட்டக்கோசு மாதிரி நாறுது," என்று மாமா உள்ளேயிருந்து சீண்டினார்.

"அப்ப வெறகு வெட்ட நீங்க வாரீங்களா?" என்று இவர் கேட்டார்.

"வாரேன். உன் இடுப்பக் கழட்டிக் குடு."

இவர் சிரித்துக்கொண்டே ரெகுலேட்டரை வைத்து அழுத்தினார். பிடிக்கவில்லை. எடுத்து மறுபடி வைத்தார். மூன்றாம் முறை எடுத்தபோது கேஸ் சீறல் நிற்கவில்லை. சிலிண்டர் வாயிலுள்ள ஊசி உள்ளேயே சிக்கிக்கொண்டது.

"பானு, சுவிட்சத் தொடாத! மூடிய எடுத்தா!"

மூடி வீட்டில் இல்லை. சோளக்காடு ஊரிலிருந்து சிலிண்டர் ஜீப்பில் வந்த அன்று, அதிலிருந்த நைலான் கயிறு கெட்டியாக இருக்கிறதென்று இவர் அறுத்தெடுத்துக் கன்றுக்குக் கட்டியிருந்தார். கயிற்றோடு வந்த வெள்ளை மூடி அதன் கழுத்தில் மணி மாதிரி ஆடும். பார்த்தவர்களெல்லாம் சிரித்தோம்.

கட்டைவிரலால் வாயை அடைத்துப் பார்த்தார். விரல் வெளுத்து விறைத்தது. "ஓடு புள்ள!"

நான் ஓடினேன். கன்று மரவள்ளிக் காட்டைத் தாண்டிச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது. மஞ்சுக்குள் வெள்ளையாக அந்த மூடி மட்டும் தெரிந்தது. நான் கிட்டே போகப் போக அது துள்ளி விலகியது. "வா சாமி, வா கண்ணு" என்று கெஞ்சினேன். வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே கயிற்றைப் பிடித்துவிட்டேன். ஈரமான முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். கன்றின் கழுத்து மயிரில் புகை வாசம் அடித்தது. ஈ மொய்க்காமலிருக்கப் பூசிய எங்கள் வீட்டு அடுப்புச் சாம்பலின் வாசம்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் விறகடுப்பை யாரும் அணைப்பதில்லை. குளிக்கத் தண்ணீர் காய்ந்ததும் தணலைச் சாம்பலில் மூடி வைப்போம். மறுநாள் அதை ஊதித்தான் தீ மூட்டுவோம். அந்த அடுப்பு தரையில், சிலிண்டருக்கு நாலு முழம் தள்ளி இருந்தது. கேஸ் தரையோடு பரவும் என்று சிலிண்டர் கொண்டு வந்தவர் சொல்லியிருந்தார். சுவிட்சை நினைத்த நாங்கள் தணலை நினைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத நெருப்பு எங்களுக்கு நெருப்பாகவே படவில்லை.

"தணலுங்க! அடுப்புல தணலு இருக்குது! மாமாவத் தூக்குங்க!"

சரிவிலிருந்து கத்தினேன். சீறலுக்கு மேல் என் குரல் கேட்டிருக்கிறது. அவர் சிலிண்டரை விட்டுவிட்டு உள்ளறைக்குள் ஓடியிருக்கிறார். முடிச்சை அவிழ்த்து, மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலை நெருங்கியபோது, மாமாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நிலைப்படிக்கு வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தரை முழுக்கத் தீ நீலமாக எழுந்தது. அவர் மாமாவை வாசலுக்கு வீசினார். அதன்பிறகுதான் சத்தம் கேட்டது.

மாமாவுக்குக் கால் மட்டும் வெந்தது. இவரோடு போன சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து நான் தனியாகத் திரும்பினேன்.

இப்போது வேறொரு சிலிண்டர் வாசலுக்கு வெளியே, சுவரை ஒட்டி நிற்கிறது. மூடி அதன் கயிற்றிலேயே இருக்கிறது. ஜன்னலில் சாக்கு இல்லை. தினமும் காலையில் மாமா கையூன்றி நகர்ந்து வந்து, விறகடுப்பில் தானே தண்ணீர் ஊற்றுகிறார். சாம்பல் சுர்ரென்று இரைகிறது. அந்த இரைச்சல் அடங்கும்வரை காதைச் சாய்த்துக் கேட்கிறார். பிறகு சாம்பலுக்குள் விரல்களை விட்டுத் துழாவுகிறார்.

"இப்பக் கேசப் பத்த வையி, கண்ணு," என்கிறார்.