பை பார்த்த அக்கா

தம்பி குடும்பத்தோடு பெருநகரம் பார்க்கப் போன அக்காவுக்கு மூன்று நாளும் ஒரே வேலைதான். அருங்காட்சியகமோ படகுத்துறையோ, எங்கே போனாலும் வாசல் பெஞ்சில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள், ஏறி நின்று ஊரையே பார்க்கும் கோபுரத்தின் அடியில் பெஞ்சில் உட்கார்ந்தபடி, "இதுக்காவது நானும் வரேன்டா" என்றாள்.

"உங்களுக்குத் தலை சுத்தும் அண்ணி. ஃபோட்டோ எடுத்துட்டு வந்து காட்டுறோம்" என்று தம்பி மனைவி தன் கைப்பையையும் அவள் மடியில் வைத்தாள். தம்பி காதில் விழாதவன்போல் லிஃப்டுக்குள் நுழைந்துவிட்டான்.

அக்கா எல்லாவற்றையும் பெஞ்சிலேயே போட்டுவிட்டு, சீட்டு வாங்கி அடுத்த லிஃப்டில் ஏறினாள்.

மேல்தளத்தில் அவளைக் கண்டதும் தம்பி மனைவிக்கு முகம் வெளுத்தது. "அண்ணி, பையெல்லாம் எங்க?"

"கீழதான். இங்கேருந்தே நல்லாத் தெரியுது. நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் தூக்கிட்டுப் போறான் பாரு."

இருவரும் லிஃப்டுக்கு ஓடினார்கள். அவர்கள் நின்ற கம்பியோரத்தில் அக்கா சாய்ந்துகொண்டு ஊரை ஆசைதீரப் பார்த்தாள்.